ஏரிக்கரைக்குக் கீழே ஒரு புதிய குடியிருப்பு: மூன்று மழைக்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்னையின் தென்மேற்கு விளிம்பில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே, ஓர் ஏரிக்கரைக்குக் கீழே 18 ஏக்கரில் 196 மனைகளாகப் பிரித்துக் கட்டப்பட்ட தனிவீட்டுக் குடியிருப்பு ஒன்றில் 2023 தை மாதம் முதல் நானும் என் மனைவியும் வசித்து வருகிறோம். 'கிராமம்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு விற்பனைக்கு வந்த திட்டம் இது. நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே வீட்டைவிட நிலத்தையும், நிலத்தைவிட அதன் வரைபடத்தையும் கூர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இரண்டாம் கட்ட விற்பனை தொடங்கியிருப்பதால், வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று கருதி இதை எழுதுகிறேன். குறைகள் சிலவற்றைப் பற்றிய பேச்சு இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

முதலில் ஆவணங்கள். மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம் (நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடம்), மனைப்பிரிவு ஒப்புதல் ஆணை ஆகிய அனைத்தையும் கேட்ட அன்றே கொடுத்தார்கள். திட்டம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ விற்பனைக்கென அமையும் திட்டங்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பதிவு கட்டாயம். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும், வாங்குவோர் செலுத்தும் பணத்தில் 70 விழுக்காடு தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதிகள். இந்த இரண்டையும் நான் கேட்காமலேயே விற்பனைப் பிரிவினர் எடுத்துச் சொன்னார்கள். ஆவணங்களைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். பணம் கொடுத்து நான் வாங்கியது உண்மையில் இதைத்தான். நஞ்சை நிலத்தை மனையாக மாற்றும்போது பெரும்பாலான இடங்களில் செய்வது என்னவென்றால், நாலா பக்கமும் மதில் எழுப்பி, மூன்று நான்கு அடி உயரத்துக்குக் கிராவல் மண் கொட்டி, பழைய வரப்பு, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சதுரம் சதுரமாகக் கோடு போடுவதுதான். அவ்வாறு உயர்த்திய நிலத்தில் விழும் மழைநீர் அடுத்திருக்கும் பழைய ஊருக்குள் போகும். புதிய மனைகள் உலர்ந்திருக்க, நூறு ஆண்டுகளாக நனையாத வீடுகள் நனையும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் என் பணிக்காலத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருந்தியிருக்கிறேன். இந்தத் திட்டத்தில் அப்படிச் செய்யவில்லை. சாலைகளை மட்டும் ஒன்றரை அடி உயர்த்தி, வீடுகளின் அடித்தளத்தைச் சாலையிலிருந்து மூன்று அடி உயரத்தில் வைத்து, நிலத்தின் இயல்பான சரிவை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக அப்படியே விட்டிருக்கிறார்கள். வரைந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் மழை பெய்யும்போது இந்த நிலத்தில் நடந்திருக்கிறார் என்பது மட்டும் உறுதி.

பூங்காவின் இடமும் அதற்குச் சான்று. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்காக ஒதுக்கி உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக எந்த மூலை விலை போகாதோ அந்த மூலையைத்தான் இதற்குத் தள்ளிவிடுவார்கள். இங்கேயும் விலை போகாத மூலைதான், ஏனென்றால் நிலத்தின் மிகத் தாழ்ந்த பகுதி அது. ஆயினும் அந்தத் தாழ்வையே பயனாக்கி நடுவில் ஒரு குளமும் சுற்றிலும் நடைபாதையுமாக அமைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மேற்குத் தெருக்களின் நீர் முழுவதும் இரவோடு இரவாக இந்தக் குளத்துக்கு வந்து சேர்ந்ததை விடியற்காலையில் குடையுடன் நின்று பார்த்தேன். எந்த மேற்குத் தெருவிலும் கணுக்காலுக்கு மேல் நீர் நிற்கவில்லை.

இந்தப் பூங்காவைப் பற்றி இங்கே குடியிருப்பவர்களுக்கே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சென்ற ஆண்டு நலச்சங்கக் கூட்டத்தில், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து விளையாடுகிறார்கள், ஆகவே பூங்காவுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு அந்த இடம் ஊராட்சியின் சொத்து. பராமரிக்கும் பொறுப்பை நாம் ஏற்கலாம், பூட்டும் உரிமை நமக்கு இல்லை. அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் நெல் விளைவித்த நிலத்தில்தான் நம் வீடுகள் நிற்கின்றன. பூட்டு வரவில்லை என்பதில் எனக்கு நிறைவு.

நான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முதன்மையான காரணம் தெற்கு எல்லையில் ஓடும் வண்டிப்பாதை. பழைய ஊரிலிருந்து சுடுகாட்டுக்கும் மேய்ச்சல் வெளிக்கும் செல்லும் இந்தப் பாதை புலப்படத்தில் தெளிவாக இருக்கிறது. அதை உள்ளே இழுத்துக்கொள்ளாமல், மதிலை எட்டு அடி பின்னுக்குத் தள்ளி எழுப்பி, பாதையோரம் புங்கனும் பூவரசும் நட்டிருக்கிறார்கள். ஆடி மாதத்தில் ஊர் மாரியம்மன் இந்த வழியாகவே ஊர்வலம் வருகிறாள்; எங்கள் தெற்கு வாசலிலும் நின்று பானகம் ஏற்றுச் செல்கிறாள். பழைய வரப்பில் இருந்த பதினோரு பனைகளையும் விட்டுவைத்திருக்கிறார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது உண்மைதான். ஆனால் இங்கே பனைகளுக்காக ஒரு தெருவையே சற்று வளைத்திருக்கிறார்கள். அதை அனுமதிக்கு அஞ்சிச் செய்ததாக நான் கருதவில்லை.

இவ்வளவு கவனம் செலுத்தியவர்கள் கிழக்கு எல்லையில் தவறியது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஏரியின் கலங்கலிலிருந்து, அதாவது ஏரி நிரம்பினால் நீர் வழியும் இடத்திலிருந்து, இறங்கும் உபரிநீர்க் கால்வாய் கிழக்கு ஓரமாக ஓடி, எங்கள் இரண்டாவது நுழைவாயிலின் சாலையைக் கடந்து செல்கிறது. மேல்மட்டத்தில் நான்கு மீட்டர் அகலம், அடியில் இரண்டு மீட்டர், ஆழம் ஒரு மீட்டர் என்று நானே நாடா பிடித்து அளந்தேன். நீர் போகும் குறுக்குப் பரப்பு மூன்று சதுர மீட்டர். சாலையின் அடியில் அந்த நீரை விட அவர்கள் பதித்தவை 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு குழாய்கள். இரண்டும் சேர்ந்து 0.57 சதுர மீட்டர்கூட முழுதாக இல்லை. அதாவது கால்வாய் கொண்டுவரும் நீரில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் வழி.

வாங்குவதற்கு முன் இடத்தைப் பார்க்கப் போனபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம், "ஐயா, இப்ப வந்து பாக்கறீங்களே, கார்த்திகையில வந்து பாருங்க. கலங்கல் போனா இந்தக் கெழக்கால ஓடைதான் ஊர காப்பாத்துது" என்றார். அப்போது குழாய்கள் பதிக்கப்படவில்லை. என் மனை மேற்குத் தெருவில் இருந்ததால் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை, விசாரித்திருக்க வேண்டும். மிக்ஜாமின்போது கலங்கல் வழிந்தது. குழாய் வாய்களில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டன. கிழக்குத் தெருவில் இரண்டு நாள் முழங்கால் அளவு நீர் நின்றது. அடித்தளம் உயரமாக இருந்ததால் வீடுகளுக்குள் நீர் புகவில்லை. ஆனால் வாகனங்கள் கெட்டன, கீழ்நிலைத் தொட்டிகளில் சேற்றுநீர் கலந்தது, மூட்டுவலியுள்ள ஓர் அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வர வேண்டியதாயிற்று. இந்த வட்டாரத்தின் ஏரிகள் ஒன்றன் உபரியை மற்றொன்றுக்குக் கொடுத்துக் கடைசியில் அடையாற்றில் கொண்டுபோய் விடும் சங்கிலித்தொடராக அமைந்தவை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைக் கண்ட பிறகும், ஓர் உபரிநீர்க் கால்வாயின் மேல் இப்படிச் சிறுபாலம் அமைத்ததை மன்னிக்க முடியவில்லை.

நிறுவனத்தின் சேவையையும் இந்த விஷயத்தை வைத்தே மதிப்பிடுகிறேன். வெள்ளம் வடிந்த மறுவாரம் புலப்பட நகலுடனும் என் அளவுகளுடனும் அலுவலகத்துக்குச் சென்றோம். முதலில் ஏரி ஊராட்சியின் பொறுப்பு என்றார்கள். அடுத்து நீர்வளத்துறையின் பொறுப்பு என்றார்கள். வெள்ள அபாயம் குறித்து அந்தத் துறையிடம் அவர்கள் பெற்ற தடையின்மைச் சான்றிலேயே கால்வாயின் அகலத்தைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதை எடுத்துக் காட்டிய பிறகுதான் பேச்சின் போக்கு மாறியது. 2024 மழைக்கு முன் குழாய் வாய்களில் கம்பி வலை பொருத்தி, கால்வாயைத் தூர்வாரினார்கள். அந்த ஆண்டு நீர் கணுக்காலோடு நின்றது. குழாய்களை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டில் பெட்டி வடிவச் சிறுபாலம் கட்டித் தருவதாக எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு முறை தேதி தள்ளிப்போய்விட்டது. கட்டுமானக் குறைகளை, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டினால் முப்பது நாளில் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே வீட்டை வாங்கும் எவரும் ஒப்படைப்புக் கடிதத்தின் தேதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்; குறைகளை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.

வீடுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுவர், கதவு, மின்கம்பி வேலை எல்லாம் தரமாகவே இருக்கின்றன. மேற்குப் பார்த்த வீடுகளுக்கு மாடியில் நிழல் தரும் நீட்சி போதாது. சித்திரை வெயிலில் மாலை நான்கு மணிக்கு மேல் அந்த அறையில் உட்கார முடியாது.

குடிநீர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது. கோடையில் உப்புச் சுவை கூடும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்றாலும், இங்கே அதைக் கடமைக்குச் செய்யாமல் ஒவ்வொரு மாடியின் நீரையும் வடிகட்டித் தொட்டிக்கும், மிகுந்ததை உறைகிணற்றுக்கும் செலுத்துகிறார்கள். என் வீட்டு மொட்டை மாடி 900 சதுர அடி. ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்தப் பகுதியில் அதன் மீது விழுவது ஏறத்தாழ 1,17,000 லிட்டர். அதில் பாதியைப் பிடித்தால்கூட இரண்டு பேருக்குச் சமையலுக்கும் குடிக்கவும் ஆண்டு முழுவதும் போதும். நாங்கள் அப்படித்தான் பயன்படுத்துகிறோம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் முதல் எட்டு மாதங்கள் நாற்றமடித்தது. 196 வீடுகளுக்கென அமைத்த நிலையத்துக்கு முப்பது வீடுகளின் கழிவுநீர் மட்டுமே வந்தால், அதிலுள்ள நுண்ணுயிர்களுக்கு இரை போதாது. அவை பெருகாமல் நிலையம் ஒழுங்காக இயங்காது. சிறிய அலகுகளாகப் பிரித்து, குடியேற்றத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாக இயக்கும்படி திட்டமிட்டிருக்கலாம். இன்று 140 வீடுகளில் மக்கள் இருப்பதால் நாற்றம் நின்றுவிட்டது. சுத்திகரித்த நீர் மரங்களுக்குப் போகிறது. இரண்டாம் கட்டத்திலும் இதே தவறு நேராமல் வாங்குவோர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

போக்குவரத்து இந்தத் திட்டத்தின் பலவீனம். பிரதான சாலையில் பேருந்து உண்டு. ஆனால் அதுவரை உள்ள இரண்டரை கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவை நம்ப வேண்டும், இரவு எட்டுக்கு மேல் அதுவும் இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டப் பயணம் எங்களுக்கு எளிதாகியிருக்கிறது. நகருக்குள் தினமும் வேலைக்குச் செல்பவர்களுக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரகடத் தொழிற்சாலைகளில் பணிபுரிபவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஏற்றது. விளம்பரக் கையேட்டில் காட்டிய கடைத்தெரு இன்னும் காலியாக இருக்கிறது. மளிகைக்கும் காய்கறிக்கும் பழைய ஊரின் கடைகளுக்கே போகிறோம், அதனால் ஊராரோடு பழக்கம் ஏற்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் ஆண்டுதோறும் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. அப்படி அமைத்த குழுக்களில் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் ஒன்று. எங்கள் நலச்சங்கத்தில் பூங்காவுக்கும் பாதுகாப்புக்கும் விழாக்களுக்கும் குழுக்கள் இருந்தன, ஏரிக்கு இல்லை. சென்ற ஆவணியில் பழைய ஊரிலிருந்து மூவர், எங்களிலிருந்து மூவர் என ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்தோம். கலங்கலையும் கால்வாயையும் மழைக்கு முன் நடந்து பார்ப்பது அதன் வேலை. ஆடு மேய்த்த அந்தப் பெரியவரும் அதில் இருக்கிறார்.

இரண்டாம் கட்ட மனைகள் வண்டிப்பாதைக்குத் தெற்கே அமைகின்றன. வரைபடத்தைப் பார்த்தேன், நிலத்தின் சரிவை மதித்தே வரைந்திருக்கிறார்கள், தாழ்ந்த மூலையில் மீண்டும் ஒரு குளம் இருக்கிறது. நடுத்தெருக்களிலும் மேற்கிலும் தாராளமாக வாங்கலாம். கிழக்கு ஓரத்திலுள்ள 14 மனைகளை, மேலே சொன்ன சிறுபாலம் கட்டி முடிக்கப்படும் வரை வாங்க வேண்டாம். வேலையைப் புரட்டாசிக்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது முடிந்து, ஒரு முறை கலங்கல் வழிந்து, நீர் தடையின்றி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு கிழக்குத் தெருவைப் பற்றிய பகுதியை மாற்றி எழுதுவேன்.