யானை மூஞ்சூறா, வீட்டு மூஞ்சூறா?

அறிவியல் கண்காட்சிக்கு இந்த இரண்டு விலங்குகளில் எதைத் தலைப்பாக எடுப்பது என்று புதுச்சேரி முத்தியால்பேட்டை மாணவர்கள் சிலர் கேட்கிறார்கள். இரண்டும் நீண்ட மூக்கால் பூச்சி தேடுபவை. ஒரு காலத்தில் விலங்கியல் வகைப்பாட்டில் பூச்சியுண்ணிகள் என்ற ஒரே வரிசையில் வைக்கப்பட்டவை.

உறவு: மரபணு ஆய்வுகளின்படி யானை மூஞ்சூறுக்குச் சொந்தம் யானையும் கடற்பசுவும்தான்! உருவத்தை நம்பி வகைப்படுத்தினால் எவ்வளவு தவறலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. வீட்டு மூஞ்சூறு முள்ளெலியின் உறவு.

குட்டி: யானை மூஞ்சூறு ஈற்றுக்கு ஒன்றிரண்டே ஈனும், அவை கண் திறந்து, மயிரோடு பிறந்து, விரைவில் ஓடும். வீட்டு மூஞ்சூறின் குட்டிகள் கண் திறக்காமல் பிறக்கும். சற்று வளர்ந்ததும் ஒன்றன் வாலடியை மற்றொன்று கவ்வி, தாயின் பின்னே வரிசையாகப் போகும்.

இடம்: யானை மூஞ்சூறு ஆப்பிரிக்காவில் மட்டும். வீட்டு மூஞ்சூறு நம் சமையலறை மூலையில், கரப்பானைத் தின்னும். எலியென்று நினைத்து விஷம் வைத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பரிணாமத்தை விளக்கப் படங்களே போதும் என்பவர்கள் யானை மூஞ்சூறை எடுக்கலாம். நேரில் பார்த்துக் குறிப்பெடுக்க ஆசையென்றால் வீட்டு மூஞ்சூறுதான். இருட்டியபின் சுவரோரம் காத்திருங்கள்.