பவளத் தொட்டியில் பாசி: நத்தையா, மருந்தா, கீட்டோவா?

நெல் வயலில் பாசி படர்ந்தால் மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டி வாமடையில் போடுவது நம் டெல்டாவில் பழகிய வேலை. பாய்கிற தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போய்ப் பாசியை அடக்கிவிடும். வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கும் அதையே நினைப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். செம்பு பாசியோடு நிற்காது. நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் சாகடிக்கும். பாறையிலும் மணலிலும் ஏறிக்கொண்டு, பிறகு கசிந்துகொண்டே இருக்கும்.

வயலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. டிஏபி போட்ட வயலில் பாசி சீக்கிரம் படருமே, தொட்டியில் வளர்வதும் அதே பாஸ்பேட்டில்தான், கூடவே நைட்ரேட். அதனால் எந்த வழியைச் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது, அந்தச் சத்து தொட்டியைவிட்டு வெளியே போகிறதா என்பதைத்தான்.

அதற்கும் முன்னால் தண்ணீர். குடிக்க வாங்கிய ஆர்.ஓ. இயந்திரத்தில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். போர் தண்ணீரில் உள்ள நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் அந்த வழியாகவே தொட்டிக்கு வந்துவிடும். ஆர்.ஓ.வுக்கு அடுத்து, மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. குடுவை ஒன்றை மாட்டி, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் அது கடல் உப்பு கலந்து தொட்டியில் ஊற்றத் தகுந்த தண்ணீர். பூம்புகார், தரங்கம்பாடி பக்கம் கடல்நீர் பிடித்து வருபவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அதை நிறுத்திக்கொள்வது நல்லது. வயல் வடிகால் எல்லாம் அப்போது கடலுக்குத்தான் போகிறது.

சரி, நத்தைக்கு வருவோம். எல்லோரும் முதலில் வாங்குவது டர்போ நத்தை. பாறையை வழித்து மேயும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட முடிப்பாசியை அது தொடாது. கையால் பிய்த்துக் குட்டையாக்கித் தர வேண்டும். தின்றதில் பெரும்பங்கைக் கழிவாக அதே தண்ணீரில் போடுகிறது, ஆக பாஸ்பேட் வெளியே போகவில்லை. மெக்ஸிகோ டர்போ குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற நத்தை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டியில் நம் கத்திரி வெயிலைத் தாங்காது. ஃபாக்ஸ்ஃபேஸ் மீனும் நன்றாக மேயும். நாகப்பட்டினம் மீன் சந்தையில் கிடைக்கும் ஓராவுக்கு உறவுதான், அதே விஷ முள்ளும் உண்டு. சிறிய தொட்டிக்கு அது ஆகாது. வெளிநாட்டுக்காரர்கள் மணலைச் சுத்தம் செய்யக் கடல் அட்டை வாங்கச் சொல்வார்கள். இங்கே அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கல் பவளங்களும் அப்படித்தான்.

இரும்பு ஆக்ஸைடு குருணை, அதாவது ஜி.எஃப்.ஓ., பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகத்தில் இதற்கு ஈடில்லை. அந்த வேகம்தான் பயமும். பாஸ்பேட் திடீரென்று இறங்கினால் பவளம் வெளுத்துச் சுருங்கும். முழுக்கப் பூஜ்யமானால் முடிப்பாசி போய் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்ப் படலம் வரும், அது இதைவிடப் பெரிய தலைவலி. 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் போதும். பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியைப் போட்டு அளந்து பார்க்கலாம். டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டுகிறதே என்று நம்பிவிடவும் கூடாது; தண்ணீரில் இருந்ததைப் பாசியே உறிஞ்சியிருக்கலாம். குருணை தீர்ந்தால் மறுபடி காசு, மறுபடி சென்னை கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து பார்சல்.

என் ஓட்டு கீட்டோவுக்கு, அதாவது கீட்டோமார்ஃபா என்ற கடற்பாசிக்கு. வேண்டாத பாசிக்குப் போகிற சத்தை நாமே வளர்க்கும் பாசிக்குக் கொடுத்துவிடுவது. சம்பில், அதாவது தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் தொட்டியில், ஒரு அறை, அதில் மொரமொரவென்று சிக்குண்ட பச்சை இழைப் பந்து, மேலே ஒரு எல்இடி. தொட்டி விளக்கு அணைந்ததும் சம்ப் விளக்கு எரிய வேண்டும். இரவில் பிஹெச் இறங்குவதை அது கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். பந்து அறையை அடைத்ததும் பாதியை அள்ளி எறியுங்கள். அள்ளிய பாதியோடு பாஸ்பேட்டும் போகிறது.

இதற்கு நேர்ப்போட்டி ஆல்கே ஸ்கிரப்பர்: சொரசொரப்பான பிளாஸ்டிக் வலையில் தண்ணீரை வழியவிட்டு, வெளிச்சம் காட்டிப் பாசி பிடிக்கவைத்து, வாரம் ஒருமுறை சுரண்டுவது. இடம் குறைவு, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலை 5 மணிக்கு வரும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். மோட்டார் நின்றால் வலை காய்ந்து, பிடித்த பாசி கருகும். கீட்டோ தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டுக்கு ஸ்கிரப்பர் தாராளமாகப் பொருந்தும். கீட்டோவுக்கும் ஒரு குறை உண்டு: பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கையால் பிய்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

தொட்டியை மூன்று நாள் இருட்டாக வைப்பது சயனோபாக்டீரியா என்ற சிவப்புக் கொழகொழப்புக்குக் கேட்கும், முடிப்பாசிக்குக் கேட்காது. வெயில் காலத்தில் செய்தால் ஏர் பம்ப் அவசியம். ஹைட்ரஜன் பெராக்சைடு, வெளியே எடுக்க முடிகிற கல்லுக்கு மட்டும். மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சம அளவு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து பாசிமேல் தடவி, சில நிமிடம் விட்டுக் கழுவி உள்ளே வைக்கலாம்.

பூஞ்சைத் தொற்றுக்கு மனிதர்கள் சாப்பிடும் ஃப்ளூகோனசோல் மாத்திரை, தொட்டியில் பிரையாப்சிஸ் என்ற பாசிக்கான மருந்து. அதனால் முதலில் ஓர் இழையைப் பிய்த்து, தொட்டித் தண்ணீர் ஊற்றிய வெள்ளைச் சாஸரில் விரித்துப் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் இறகுபோல் கிளை பிரிந்திருந்தால் பிரையாப்சிஸ். வெறும் நூலாகத் துவண்டு கிடந்தால் சாதா முடிப்பாசி. அதற்கு இந்த மருந்து சில சமயம் கேட்கும், பல சமயம் கேட்காது. அளவு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம், இரண்டு வாரம். அதுவரை ஃபில்டரில் உள்ள கார்பனை வெளியே எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும். பாசி செத்து அழுகும்போது பிடித்துவைத்த சத்தெல்லாம் தண்ணீருக்குத் திரும்பும் என்பதால், சம்பில் கீட்டோவைப் பிடிக்கவைத்த பிறகே மாத்திரையைப் பிரியுங்கள்.