நுரையீரலில் இரண்டு கட்டிகள்: ஹட்டனிலிருந்து வெலிசறை வரை

விடுமுறைக்குக் கனடாவிலிருந்து இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்குச் சென்றிருந்தபோது, கன்னப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்றுத் தேறியிருந்த சித்தப்பாவின் நுரையீரலில் இரண்டு சிறு கட்டிகள் இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்திருந்தது. "நெஞ்சுக்குப் பரவிருச்சாம், இனி ஒண்ணும் செய்ய ஏலாதாம்" என்றார் சித்தி. கிளினிக்கில் அவசரமாகச் சிங்களத்தில் சொல்லப்பட்டதிலிருந்து அவர்களுக்கு விளங்கியது அவ்வளவுதான். தோட்டத் தமிழர் நிறைந்து வழியும் ஒரு வைத்தியசாலையில் தமிழில் விளக்க ஒருவர் இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த கிளினிக்கிற்கு நானும் சென்றேன். கேட்டவுடன் வைத்திய நிபுணர் பொறுமையாகவே விளக்கினார். தலை, கழுத்துப் புற்றுநோய் தூரத்துக்குப் பரவினால் பெரும்பாலும் முதலில் சேருமிடம் நுரையீரல்தான். ஆயினும் ஓரிரு கட்டிகளோடு நிற்கும் நோயையும் உடலெங்கும் பரவிய நோயையும் ஒன்றாகக் கருதக்கூடாது. புகைபிடித்தவருக்கு அது புதிதாகத் தோன்றிய நுரையீரல் புற்றுநோயாகவோ, காசநோயின் தழும்பாகவோ இருக்கலாம் என்பதால் ஊசி வழியே திசு எடுத்துப் பார்க்க வேண்டும். வாயில் நோய் திரும்பவில்லை, வேறெங்கும் பரவவில்லை என்று உறுதியானால், கட்டியை வெட்டி அகற்றலாம். அல்லது மூச்சோடு அது அசையும் தூரத்தை ஸ்கேனில் அளந்து, சில அமர்வுகளில் உயர் அளவுக் கதிர்வீச்சை அதன்மீது மட்டும் குவிக்கலாம்.

ஐந்து கட்டிகள் வரை உள்ள 99 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான சாபர்-கொமெட் ஆய்வின் நீண்டகால முடிவில், இக்கதிர்வீச்சு பெற்றோரில் 42 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 18 சதவீதத்தினரும் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர். ஆனால் ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தவை வேறு உறுப்புகளின் புற்றுநோய்கள். கதிர்வீச்சு பெற்ற 66 பேரில் மூவர் அதன் பாதிப்பாலேயே இறந்தனர். இதையும் சித்தப்பாவிடம் மறைக்காமல் சொன்னோம்.

நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்கு வெலிசறை சுவாச நோய் வைத்தியசாலை, கதிர்வீச்சு பற்றிய ஆலோசனைக்கு மகரகமை அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை. இரண்டிலும் சிகிச்சை இலவசம். பஸ் செலவும் இழக்கும் நாட்சம்பளமுமே தோட்டக் குடும்பங்களைத் தடுக்கின்றன. வெளிநாட்டு உறவினர் உதவ வேண்டிய இடம் இதுவே என்பேன். முதல் சத்திரசிகிச்சையின் திசு அறிக்கை, முன்பு பெற்ற கதிர்வீச்சின் அளவு, ஸ்கேன் சிடி, கிளினிக் கொப்பி ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக் கொடுத்தேன். வெலிசறையில் முதலில் கேட்கப்பட்டது அந்தத் திசு அறிக்கைதான். அது கையில் இருந்ததால் அன்றே திசுப் பரிசோதனைக்குத் திகதி கிடைத்தது.