தோட்டப் பிரிவில் வருமான இடையம் கணித்தல்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சுற்றியுள்ள சில தேயிலைத் தோட்டப் பிரிவுகளில் வீட்டு வருமானத்தின் இடையம் (வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் தொகை) எப்படி மாறுகிறது என்று ஒரு சமூக அமைப்புக்காக 2016 தொடக்கம் கணக்குப் பார்த்து வருகிறேன். கையில் இருப்பதெல்லாம் ஒரு பக்கப் படிவமும் எக்செல்லும்தான். இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்கு, இந்த முறை எங்கே உழைக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று சொல்லலாம்.

சராசரியை முதலிலேயே விட்டுவிட்டோம். பிரிவில் ஒருவர் கடையும் வேனும் வைத்திருந்தால் போதும், எல்லோரும் வசதியானவர்கள் போலத் தெரியும். நாடு முழுவதற்கும் இதே கதைதான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வில் மாத வீட்டு வருமானச் சராசரி 76,414 ரூபாய், இடையம் 53,333 ரூபாய். அந்த ஆய்வு மாவட்ட வாரியாகவும் நகரம், கிராமம், தோட்டம் என்றும் தரவு தருகிறது. நம்முடைய பிரிவுக்குத் தனியாக வேண்டுமென்றால் நாமேதான் வீடு வீடாகப் போகவேண்டும்.

சரியான தொகையைச் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை. வருமான வகுப்பை (இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்ற கட்டத்தை) காட்டினால் விரல் வைப்பார்கள். 120 வீடுகள் என்று வையுங்கள். 20,000 வரை 14 வீடு, 30,000 வரை 31, 40,000 வரை 38, 50,000 வரை 22, அதற்கு மேல் 15. பாதி 60. முதல் இரண்டு வகுப்பிலும் 45 போய்விட்டது, இன்னும் 15 வேண்டும். 15ஐ 38ஆல் பிரித்து 10,000ஆல் பெருக்கி 30,000உடன் கூட்டினால் சுமார் 33,950. பள்ளியில் திரட்டு மீடிறன் வளையி (வகுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் வரைபு) வரைந்த காலம் ஞாபகமிருந்தால் இது ஐந்து நிமிட வேலை.

மேல் வகுப்புக்கு முடிவு இல்லாவிட்டாலும் இடையத்துக்குப் பாதிப்பில்லை என்பது இந்த முறையின் பெரிய வசதி. 2022 அதையும் கெடுத்தது. அந்த செப்டெம்பரில் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரே வருடத்தில் 73.7 சதவீதம் ஏறியிருந்தது. ரூபாய்க் கணக்கில் வருமானமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற, அடுத்த சுற்றில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் '50,000க்கு மேல்' கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. அதற்குப் பிறகு சூத்திரத்தில் போட அகலமே கிடையாது. மேலே குறைந்தது மூன்று வகுப்பாவது காலியாக விட்டுப் படிவம் அடியுங்கள்.

வருமானத்திலிருந்து விலையேற்றத்தின் பாதிப்பைக் கழிக்க கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை எடுக்காதீர்கள். அது நகரத்துக் கூடை. இங்கே அரிசியும் கோதுமை மாவும்தான் செலவைத் தீர்மானிக்கின்றன. தேசியச் சுட்டெண் பரவாயில்லை. அதன் அடிப்படை ஆண்டு 2013இலிருந்து 2021க்கு மாறியிருப்பதால் இரண்டு தொடரையும் இணைத்துத்தான் பாவிக்கவேண்டும்.

இதெல்லாம் எக்செல்லுக்குள் தீரும் சிக்கல். தீராதது வாசலில் இருக்கிறது. ஒரு அக்கா சம்பளச் சீட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, சீட்டுல இருக்கிறத சொல்லவா, கைக்கு வந்தத சொல்லவா?" இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 8 சதவீதம், தீபாவளி அட்வான்ஸ், சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள் என்று கழிந்து கழிந்து கீழ் வரியில் நின்றது மேல் வரியில் பாதிகூட இல்லை. நாங்கள் கழிப்பதற்கு முந்திய தொகையையே எடுக்கிறோம். அட்வான்ஸ் என்பது முன்னமே வாங்கிய காசு, அதைக் கழித்தால் ஒரே வருமானம் மாதத்துக்கு மாதம் குதிக்கும். எது எடுத்தாலும் எல்லா வருடமும் அதையே எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனபோது இடையம் துள்ளும் என்று எதிர்பார்த்தோம். துள்ளவில்லை. மாதத்தில் எத்தனை பேர் (முழு நாள் சம்பளம்) விழுந்தது, எத்தனை அரைப்பேர், ஞாயிற்றுக்கிழமை கைக்காசு (நாட்சம்பளத்துக்கு வெளியே கையில் தரும் கூலி) கிடைத்ததா என்பவைதான் தொகையைத் தீர்மானித்தன. அதனால் சம்பளத்தைக் கேட்கும்போது வேலை நாளையும் கேட்டு எழுதுகிறோம். கொழுந்து குறையும் மாதத்தில் எடுத்த சுற்றை கொழுந்து கூடிய மாதத்துச் சுற்றோடு ஒப்பிடுவதும் வீண். அரசாங்க ஆய்வு பன்னிரண்டு மாதமும் நடப்பது இதற்காகத்தான். எங்களுக்கு அந்த வசதி இல்லை, ஆகவே எப்போதும் ஒரே மாதம்.

என்னை அதிகம் அலைக்கழித்தது 'வீடு' எது என்ற கேள்விதான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரே இலக்கத்தின் கீழ் அப்பா அம்மா ஒரு அடுப்பு, கல்யாணமான மகன் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) இன்னொரு அடுப்பு. ஒன்றாகச் சமைக்கிறவர்கள் ஒரு வீடு என்பதுதான் ஆய்வுகளின் வழக்கம். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்து மகன் வெளியேறினால், 60,000 வருமானமுள்ள ஒரு வீடு 35,000உம் 25,000உமாக இரண்டாகிறது. ஒருவரும் ஏழையாகவில்லை, இடையம் மட்டும் இறங்குகிறது. கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையைக் குடும்பத்தில் சேர்க்காமல் அவன் அனுப்பும் காசை மட்டும் சேர்க்கிறோம். இப்போது இடையத்துக்குப் பக்கத்தில் வீட்டுக்கு எத்தனை பேர் என்ற சராசரியையும் எழுதிவைக்கிறோம். அது இல்லாத இடையத்தை வைத்து யாராவது 'வறுமை கூடிவிட்டது' என்று சொன்னால் நான் நம்புவதில்லை.

பல பிரிவுகளைச் சேர்க்கும்போது இடையங்களைக் கூட்டி வகுக்கக்கூடாது. மீடிறன்களை, அதாவது ஒவ்வொரு வகுப்பிலும் உள்ள வீடுகளின் எண்ணிக்கையை, கூட்டி மறுபடி கணிக்கவேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் பத்தாகியிருக்கும் நிலையில், பழைய படிவங்களை எறியாமல் வைத்திருந்தால்தான் எல்லையைச் சரிக்கட்டலாம். எங்களிடம் அவை பிஸ்கட் பெட்டிகளில் கட்டிக் கிடக்கின்றன, கொஞ்சம் கரையான் அரித்தபடி.