தாடை மூட்டு வலி: லேசரா, இரவுத் தகடா?

கொட்டாவி விட்டால் காதோரம் 'டக்' என்று சத்தம். இட்லியை மெல்லவே வலி. வலிக்கும் இடத்தில் குறைந்த சக்தி லேசர் ஒளி காட்டும் சிகிச்சைக்கா, தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் தகட்டுக்கா, எதற்குப் போவது?

செலவு: லேசருக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம். தகட்டுக்கு ஒரே தடவை. பல நாள் உழைக்கும்.

சிரமம்: லேசரில் சூடோ வலியோ தெரியாது, சில நிமிடம்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அலைய வேண்டும். தகடு போட்டால் முதல் சில இரவுகள் எச்சில் ஊறும்.

பலன்: லேசரின் 600–1000 நானோமீட்டர் அலைநீள ஒளி வலியைத் தணிப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சிலவற்றில் போலிச் சிகிச்சையைவிட (ஒப்பிட்டுப் பார்க்க, லேசர் கொடுப்பதுபோல் பாவனை மட்டும் செய்வது) பெரிய வித்தியாசமில்லை. தகடு பல் தேய்மானத்தைத் தடுக்கும், நறநறவென்று கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாது.

காலையில் தாடை இறுகியபடி எழுபவர்களுக்கு என் தேர்வு தகடுதான். அதிலும் அடங்காத வலிக்கும், வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் லேசரைச் சேர்த்துப் பார்க்கலாம். கடையில் கிடைக்கும் ரெடிமேட் தகடு மட்டும் வேண்டாம். பல் மருத்துவரிடம் அளவு கொடுத்தே செய்துகொள்ளுங்கள்.