பிளேட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

ரைஃபிள் பயிற்சி வகுப்பில் சேரப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘முழு டிரெய்னிங் செட்’ என்ற பெயரில் கேரியர் (கவசத் தகட்டைச் செருகி மாட்டும் உடுப்பு), இரண்டு பிளேட் (தோட்டாவைத் தடுக்கும் அந்தத் தகடு), ரெட் டாட் சைட் (சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் கருவி), டார்ச், முன்கைப்பிடி எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கட்டி ஆன்லைனில் விற்கிறார்கள். நான் வாங்கிய செட்டில் உருப்படியாக இருந்தது ஸ்லிங், அதாவது துப்பாக்கியைத் தோளில் மாட்டும் பட்டை, ஒன்றுதான். அதுவும் இலவசமாக வந்தது.

பிளேட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் காசு விவகாரம், இது உயிர் விவகாரம்.

விளம்பரத்தில் இருந்தது இது: “லெவல் 3 பிளஸ். என்.ஐ.ஜே. தரப்படி சோதிக்கப்பட்டது. ரைஃபிள் தோட்டாவைத் தாங்கும்.” வாங்குவதற்கு முன் சாட்டில் கேட்டேன், இது தனியாகவே தாங்குமா, உள்ளே வேறு ஏதாவது போட வேண்டுமா என்று. “தனியாவே தாங்கும் சார், கவலையே வேண்டாம்” என்று பதில் வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

வகுப்பில் சுட ஆரம்பிப்பதற்கு முன் இன்ஸ்ட்ரக்டர் எல்லோருடைய சாமான்களையும் பார்வையிட்டார். என் பிளேட்டைக் கேரியரிலிருந்து உருவித் திருப்பினார். பின்பக்கம் உற்பத்தியாளரின் லேபிள். அதன் கீழ்ப்பாதியை மறைத்தபடி கடையின் லோகோ ஸ்டிக்கர், பளபளவென்று.

“தம்பி, இத நீங்க ஒட்டினீங்களா?”

“இல்ல சார், வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு.”

நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தார். பசையோடு லேபிளின் மேல்தோலும் கொஞ்சம் வந்துவிட்டது, ஆனாலும் படிக்க முடிந்தது: 3ஏ சாஃப்ட் ஆர்மருடன் சேர்த்து அணிந்தால் மட்டுமே இந்த நிலைப் பாதுகாப்பு. என் செட்டில் சாஃப்ட் ஆர்மரே, அதாவது துணிபோல் வளையும் கவசமே, கிடையாது. கேரியருக்குள் இருந்தது வெறும் நுரை மெத்தை.

பிளேட்டில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று தனியாகவே தோட்டாவை நிறுத்தும். இன்னொன்று தோட்டாவை உடைத்து வேகத்தைக் குறைக்கும், மிச்சத்தைப் பின்னால் இருக்கும் சாஃப்ட் ஆர்மர் பிடிக்க வேண்டும். இரண்டாவது ரகம் மட்டமானதில்லை, எடை குறைவு என்பதற்காகவே தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதைத் தனியாக மாட்டிக்கொண்டு நிற்பது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிற வேலை. கடைக்காரருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரியாதவர் அந்த வரி மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்க மாட்டார்.

அடுத்து, அந்த ‘3 பிளஸ்’. என்.ஐ.ஜே. என்பது அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவு. உலகம் முழுக்கக் கவசம் விற்கிறவர்கள் அதன் எண்களைத்தான் சொல்லுவார்கள். 0101.06 என்ற அதன் தரத்தில் 2ஏ, 2, 3ஏ, 3, 4 என்று ஐந்தே நிலைகள். 3ஏ வரைக்கும் கைத்துப்பாக்கிக்குத்தான். ரைஃபிளுக்கு 3, 4 இரண்டும். மூன்றாம் நிலைக்கு 7.62 மி.மீ. நேட்டோ சாதாரணத் தோட்டாவை நொடிக்கு 847 மீட்டர் வேகத்தில் சுட்டுப் பார்ப்பார்கள். நான்காம் நிலைக்குக் கவசம் துளைக்கும் .30-06 தோட்டா. ‘பிளஸ்’ என்பது கம்பெனிகள் தாங்களே ஒட்டிக்கொள்ளும் வால். எந்தத் தோட்டாவுக்கு, எந்த வேகத்தில் என்று எழுதித் தராவிட்டால் அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. 2023 நவம்பரில் 0101.07 என்று புதிய தரம் வந்து, ரைஃபிள் நிலைகள் ஆர்எஃப்1, ஆர்எஃப்2, ஆர்எஃப்3 என்று மாறிவிட்டன. பழைய பெயரும் புதிய பெயரும் கலந்து புழங்குவதால் குழப்புகிறவர்களுக்கு வசதி.

‘தரப்படி சோதிக்கப்பட்டது’ என்றால் சான்று பெற்றது என்று பொருளில்லை. சான்று பெற்ற மாடல்களின் பட்டியலை என்.ஐ.ஜே. தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் பிளேட்டின் மாடல் எண் அதில் இல்லை. கடை அனுப்பிய சோதனை அறிக்கையைத் திறந்தால் அது வேறு மாடலுக்கு உரியது. பட்டியலில் இல்லாததெல்லாம் போலி என்று சொல்ல வரவில்லை. இல்லையென்றால் அதே மாடலுக்கான ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். குண்டு உள்ளே வந்ததா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். சோதனையில் பிளேட்டுக்குப் பின்னால் வைத்த களிமண்ணில் எவ்வளவு ஆழம் குழி விழுந்தது என்பதும் முக்கியம். 44 மி.மீ. தாண்டினால் தோல்வி. அந்தக் குழி விழுவது நம் விலா எலும்பில்.

இப்போது சைட். பிரபலமான ஒரு மாடலை அச்சு அசலாகப் பார்த்துச் செய்தது. 50 மீட்டரில் ஜீரோ செய்தோம், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சைட்டைத் திருத்தினோம், அழகாக நின்றது. சில மேகஸின் சுட்ட பிறகு பார்த்தால் குறி ஒரு சாண் இடப்பக்கம் போயிருந்தது. திரும்ப ஜீரோ செய்தோம், திரும்ப நகர்ந்தது. சைட்டைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுன்ட் தளர்ந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் மாட்டும்போதே இன்ஸ்ட்ரக்டர் ஸ்க்ரூ தலையிலிருந்து மவுன்ட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார். கோடு துளியும் விலகவில்லை. ஆகவே கோளாறு சைட்டுக்குள்ளேதான். கடை பின்னால் “நீங்க சரியா மாட்டல சார்” என்றபோது அந்தக் கோட்டின் போட்டோதான் கைகொடுத்தது. செலவே இல்லாத வேலை, எல்லோரும் செய்யுங்கள்.

குறி நகர்வது பெரிய பெயர்களுக்கும் நடந்திருக்கிறது. இயோடெக் கம்பெனியின் ஹோலோகிராபிக் சைட்டில் வெப்பநிலை மாறினால் குறி விலகுகிறது என்ற விவகாரத்தில், அதன் அப்போதைய தாய் நிறுவனமான எல்-3 2015இல் அமெரிக்க அரசுக்கு 25.6 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார்கள். நகல் விற்கிறவனிடம் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

டார்ச்சின் கிளாம்ப் ரெயிலில், அதாவது துப்பாக்கியில் துணைக்கருவிகளை மாட்டும் பள்ளமிட்ட பட்டையில், கடகடவென்று ஆடியது. பிக்காட்டினி என்ற இந்த வகை ரெயிலின் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், இவர்கள் கொடுத்த குறுக்குக்கட்டை அதைவிட மெலிசு. முன்கைப்பிடியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிளேட்டைத் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள், “பாதுகாப்பு காரணங்களுக்காக”. பொதுவாக இது நியாயமான விதிதான். செராமிக் பிளேட்டைக் கீழே போட்டிருந்தால் வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கும், எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். ஆனால் நான் சொன்னது விரிசலை இல்லை, மறைத்த லேபிளை. ஸ்டிக்கர் போட்டோவையும் சாட்டையும் அனுப்பினேன். அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “டிரெய்னிங்குக்குத்தானே சார்? யாரும் உங்களைச் சுடப் போறதில்லையே.”

பயிற்சியில் உண்மைத் தோட்டா போட்ட துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்பவர்களும் கற்றுக்குட்டிகள்தான். எடை பழகுவது மட்டும்தான் நோக்கம் என்றால், ‘பயிற்சி எடை, பாதுகாப்பு இல்லை’ என்று வெளிப்படையாக எழுதிய டம்மி பிளேட் மலிவாகவே கிடைக்கிறது. நான் காசு கொடுத்தது கவசத்துக்கு.

வங்கியில் கார்டு புகார் கொடுத்ததில் சைட்டுக்கான தொகை திரும்ப வந்துவிட்டது. பிளேட்டுக்கான புகார் இன்னும் நடக்கிறது. கடை அதே செட்டைப் பெயர் மாற்றி மறுபடி போட்டிருக்கிறது, படங்களில் பிளேட்டின் முன்பக்கம் மட்டும்தான். இந்த மாதிரி செட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அடுத்த வகுப்புக்கு முன் பிளேட்டை வெளியே எடுத்து, கடை ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். உரிப்பதற்கு முன் ஒரு போட்டோ, உரித்த பின் ஒரு போட்டோ. வங்கியில் முதலில் கேட்டதே அந்த இரண்டையும்தான்.