லீஸ்ஹோல்டா, ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்டா: இங்கிலாந்தில் பிளாட் வாங்குமுன்

லண்டனில் வீடு தேடும் நம்மவர்கள் விலை, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாவற்றையும் அலசி முடித்த பிறகுதான் விளம்பரத்தில் 'டெனியூர்' (சொத்துரிமையின் வகை) என்ற வரிக்கு வருகிறார்கள். முதலில் படிக்க வேண்டியதே அந்த வரிதான். ஒரே தெருவில் ஒரே அளவுள்ள இரண்டு பிளாட்களில் ஒன்று கணிசமாக மலிவாக இருந்தால், பல சமயம் அதன் காரணம் அங்கேதான் இருக்கும். கீழே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். ஸ்காட்லாந்துச் சட்டம் வேறு.

லீஸ்ஹோல்ட் பிளாட் வாங்கும்போது கட்டடமும் அது நிற்கும் நிலமும் உங்கள் கைக்கு வருவதில்லை. 99, 125, 999 என்று எழுதப்பட்ட ஆண்டுகளில் மிச்சம் இருப்பவை மட்டுமே உங்களுடையவை. ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்ட் என்றால் அதே லீஸோடு கட்டடத்தின் உரிமையிலும் ஒரு பங்கு சேர்ந்து வருகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை: ஷேர் இருந்தாலும் பிளாட்டுக்கு ஒரு லீஸ் இருக்கத்தான் செய்யும், அதன் ஆண்டுகளும் குறைந்துகொண்டுதான் போகும். 'ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே 70 ஆண்டு லீஸைப் புதுப்பிக்காமல் வைத்திருக்கும் பிளாட்களும் உண்டு.

ஆண்டுகளை ஒப்பிடும்போது மறக்கக்கூடாத எண் 80. 1993 சட்டப்படி லீஸை 90 ஆண்டு நீட்டிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீட்டிய பின், கட்டடத்தின் உரிமையாளரான ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகையும், அதாவது கிரவுண்ட் ரென்ட்டும், இல்லை. மிச்சம் 80 ஆண்டுக்கு மேல் இருந்தால் செலவு ஓரளவு தாங்கும். 80க்கு வந்துவிட்டால், நீட்டிப்பால் சொத்தின் மொத்த மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். மேரேஜ் வேல்யூ என்பது இதுதான். 81 ஆண்டு பிளாட்டும் 79 ஆண்டு பிளாட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நீட்டிக்கும் செலவில் பல ஆயிரம் பவுண்டு வித்தியாசம் வரலாம். லீஸ் குறையக் குறைய வங்கிகளும் கடன் தரத் தயங்கும், பின்னால் விற்பதும் கஷ்டம்.

2024 லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் மேரேஜ் வேல்யூவை ஒழிக்கிறது, நீட்டிப்பை 990 ஆண்டாக்குகிறது. ஆனால் சட்டம் நிறைவேறிய அன்றே எல்லாப் பகுதியும் அமலுக்கு வந்துவிடவில்லை. இரண்டு ஆண்டு உரிமையாளராக இருந்த பிறகே நீட்டிப்புக் கேட்கலாம் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31 அன்று நீங்கியது. மற்றவற்றில் எது நடப்பில் இருக்கிறது என்பதை நீங்கள் வாங்கும் நாளில் சொலிசிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். "சட்டம் வந்துவிட்டது, கவலைப்படாதீர்கள்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி 76 ஆண்டு லீஸை முழு விலைக்கு வாங்காதீர்கள்.

அடுத்தது மாதச் செலவு. 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய நீண்டகால லீஸ்களில் கிரவுண்ட் ரென்ட் வாங்க முடியாது. பழைய லீஸ்களில் அது பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று எழுதியிருக்கலாம், அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். சர்வீஸ் சார்ஜ் இன்னும் பெரிய தலைவலி. கூரை, லிஃப்ட், காப்புறுதி, மேனேஜ்மென்ட் கம்பெனியின் கட்டணம் எல்லாம் அதில் வரும். பெரிய திருத்த வேலையில் ஒரு பிளாட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் ஃப்ரீஹோல்டர் முறைப்படி உங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். செய்யாவிட்டால், ட்ரிப்யூனல் (சொத்து வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) விலக்கு அளித்தாலன்றி, 250க்கு மேல் வசூலிக்க முடியாது. நியாயமற்ற கட்டணத்தை எதிர்த்தும் அதே ட்ரிப்யூனலுக்குப் போகலாம். ஆனால் கோபத்தில் கட்டணத்தைக் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். பாக்கி 350 பவுண்டைத் தாண்டினால், அல்லது மூன்று ஆண்டுக்கு மேல் நின்றால், லீஸையே பறிக்கும் நடவடிக்கைக்கு வழி திறக்கும். ஒருவரின் வீட்டையே இவ்வளவு சிறிய தொகை ஆபத்தில் தள்ள முடிவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஷேர் ஆஃப் ஃப்ரீஹோல்ட் இங்கேதான் முந்துகிறது. எந்தக் கூரைக்காரர், எந்தக் காப்புறுதி என்பதைக் குடியிருப்பவர்களே முடிவு செய்வார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால் பெரும்பாலும் வக்கீல் செலவோடு லீஸை 999 ஆண்டாக்கிக்கொள்ளலாம். மூன்று, நான்கு பிளாட்களாகப் பிரித்த பழைய விக்டோரியன் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனாலும் இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. மாடி வீட்டுக்காரர் கூரைக்குப் பணம் தர மறுத்தால், அவரோடு மல்லுக்கட்ட வேண்டியவர் நீங்கள்தான். ஃப்ரீஹோல்ட் ஒரு கம்பெனியின் பெயரில் இருந்து, கம்பெனிகளைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸுக்கு யாரும் ஆண்டுப் பத்திரங்களை அனுப்பாமல் விட்டால், கம்பெனியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும், ஃப்ரீஹோல்ட் அரசுடைமைக்குப் போய்விடும். மீட்கலாம், பணமும் மாதங்களும் கரையும். இன்னொன்று: லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்த பிறகு வந்த 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டம், இங்கிலாந்தில் 11 மீட்டர் அல்லது ஐந்து மாடிக்குக் குறையாத கட்டடங்களில் தகுதியுள்ள லீஸ்ஹோல்டர்களைப் பாதுகாப்புக் குறைகளைத் திருத்தும் செலவிலிருந்து காக்கிறது. லீஸ்ஹோல்டர்களே ஃப்ரீஹோல்டை வைத்திருக்கும் கட்டடத்துக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே உயரமான கட்டடத்தில் ஷேர் இருப்பது தானாகவே நல்லது ஆகிவிடாது.

ஏற்கெனவே லீஸ்ஹோல்டில் இருப்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு, ரைட் டு மேனேஜ். ஃப்ரீஹோல்டை விலைக்கு வாங்காமலே, ஃப்ரீஹோல்டரின் தவறு எதையும் நிரூபிக்காமலே, நிர்வாகத்தை உங்கள் கைக்குக் கொண்டுவரலாம். லீஸே இல்லாமல் பிளாட்டையே முழு உரிமையாக வைத்திருக்கும் முறையான காமன்ஹோல்ட் 2004 முதல் நடைமுறையில் இருந்தாலும் மிக மிகக் குறைந்த கட்டடங்களே அதன்படி இயங்குகின்றன. வீடு தேடும்போது கண்ணில் படுவதே அரிது.

தனி வீடு ஃப்ரீஹோல்ட் என்றால் கவலை குறைவு. புதிய எஸ்டேட் (குடியிருப்புத் தொகுதி) என்றால் மட்டும் சாலைக்கும் பூங்காவுக்கும் எஸ்டேட் சார்ஜ் உண்டா என்று கேளுங்கள்.

கன்வேயன்சிங்குக்கு, அதாவது கிரயத்தின் சட்ட வேலைக்கு, சொலிசிட்டரா, அந்த வேலைக்கென்றே உரிமம் பெற்ற லைசென்ஸ்டு கன்வேயன்சரா? வில்லங்கம் இல்லாத வாங்கலுக்கு இருவரும் போதும். விவாகரத்து, வாரிசுப் பிரச்சினை, பக்கத்து வீட்டு வழக்கு என்று ஏதாவது கலந்திருந்தால் சொலிசிட்டர்தான். யாராக இருந்தாலும் லீஸ்ஹோல்ட் வேலை அதிகம் செய்தவரா என்று கேளுங்கள், ஏனெனில் தாமதம் பெரும்பாலும் ஃப்ரீஹோல்டர் தரப்பு தரும் ஆவணத் தொகுப்பான மேனேஜ்மென்ட் பேக்கில்தான் வரும். கடந்த மூன்று ஆண்டுச் சர்வீஸ் சார்ஜ் கணக்கும் வரவிருக்கும் பெரிய வேலைகளின் நோட்டீஸும் அதோடு வர வேண்டும். அவற்றைப் படிக்காமல் கான்ட்ராக்ட்டை எக்ஸ்சேஞ்ச் செய்ய, அதாவது ஒப்பந்தத்தை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்படி உறுதியாக்க, விடாதீர்கள். அதன்பின் பின்வாங்கினால், வழக்கமாகக் கட்டும் 10 சதவீத முன்பணம் போய்விடும்.

பிடித்த பிளாட்டின் லீஸ் 80ஐ நெருங்கிக்கொண்டிருந்தால், விற்பவரையே நீட்டிப்பு நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, அதன் பலனைக் கிரயத்தோடு உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கலாம். நீங்களே கொடுப்பதென்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். விலை கணக்கிடப்படுவது நோட்டீஸ் கொடுத்த தேதியை வைத்துத்தான். அதனால் விலை பேசும்போதே இதையும் நிபந்தனையாகப் போடுங்கள்.